ஆளுக்கொரு பட்டை

"கட்டில் பெருசாயிடுச்சா, துணி சின்னதாயிடுச்சா?"

பிராகோ கேட்டாள். பித்தளைக் கட்டிலின் ஒரு பக்கம் துணி தரை வரை தொங்கியது. மறுபக்கம் மெத்தை விளிம்பைத் தாண்டியதும் நின்றுவிட்டது. இழுத்து நடுவில் வைத்துப் பார்த்தாள். இப்போது இரண்டு பக்கமும் தரை தெரிந்தது, வளர்ந்துவிட்ட பையனுக்குப் போன வருஷத்துக் கால்சட்டையை மாட்டிவிட்ட மாதிரி.

"மெத்தை தடிமனா இருக்கு. அதான்," என்றார் என்சியா மாமா.

"பெரியம்மாவை இந்தத் துணியில கிடத்தினப்போவும் இதே மெத்தைதான் மாமா. நேத்து நான்தான் வெயில்ல போட்டு அடிச்சேன்."

"பழைய துணி இல்லையா. சுருங்கியிருக்கும்."

"தண்ணியே படாத துணி எப்படிச் சுருங்கும்? வெக்கத்துலயா?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர்தான் குடும்பத் தலைவர். செத்துப்போன அரசித்தாய் அம்போமாவின் உடன்பிறந்த தம்பி. வெளியே முற்றத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு வந்த சிவப்பு நாற்காலிகள் அடுக்கடுக்காக நின்றன. மறுநாள் சனிக்கிழமை விடியலில் குமாசி ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து அம்போமா வீட்டுக்கு வருவாள். பிராகோவின் அம்மா. ஊர்த் தலைவனைக் கைகாட்டும் அரசித்தாயாக இருபத்தாறு வருஷம் இருந்தவள். குளிப்பாட்டி, முகத்தில் பொன்பொடி தூவி, இந்தக் கட்டிலில், இந்தத் துணியின் மேல் கிடத்த வேண்டும். குமாசி அரண்மனையிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. துணி அவர்கள் கொடுத்தது. வெள்ளைக்காரன் குமாசியைக் கொளுத்திய காலத்தில் இந்த வீட்டுப் பெண் ஒருத்தி அரண்மனையின் புனித ஆசனங்களைத் தன் கிழங்குக் கொட்டகையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். அதற்காக மன்னர் நெசவாளர் ஊரான பான்வீரேயில் நெய்யச் சொல்லி அனுப்பிய கென்டே. மன்னர் குலத்தின் பெயரையே கொண்ட நெசவு அது. கேட்டவனுக்கெல்லாம் எந்தத் தறியும் நெய்து கொடுக்காது. இந்த வீட்டு அரசித்தாய்மார் சாகிற அன்று மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும்.

பிராகோ குனிந்தாள். பிறகு மண்டியிட்டாள். கென்டே முழுத் துணியாக நெய்யப்படுவதில்லை. நாலு விரல் அகலத்தில் நீளநீளமான பட்டைகளாக நெய்து பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துத் தைப்பது. ஒரு பட்டையில் பூவேலைக் கட்டம் வரும் இடத்தில் அடுத்த பட்டையில் வெறும் கோடு வரும். தாயக் கட்டம் மாதிரி மாறி மாறி ஓடும். விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். பூவுக்குப் பக்கத்தில் பூ. கோட்டுக்குப் பக்கத்தில் கோடு.

"நியார்கோ, இங்க வா. இதைப் பாரு."

நியார்கோ வரவில்லை. பெரியம்மாவின் மகள், பிராகோவுக்குத் தங்கை முறை. அவள் கதவோரம் நின்றுகொண்டு தோள்துணி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒண்ணு. இதோ இங்க இன்னொண்ணு. இங்க... மூணு இடம். மூணு இடத்துல பட்டையை உருவிட்டு ரெண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைச்சிருக்காங்க."

ஓரத்திலிருந்து எண்ணினாள். இருபத்து நாலு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு இந்த வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை மாதிரி. பத்தொன்பதுதான் வந்தது.

"மூணு இடத்துலதானே கோணல்? அஞ்சு எப்படிக் குறையும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு அவளே சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "ஓஹோ. ஒண்ணு எடுத்தா கட்டம் இடிக்கும். ஜோடியா எடுத்தா இடிக்காது. மூணு முட்டாளும் ஒரு கெட்டிக்காரனும் இந்த வீட்டுல இருக்காங்க. மாமா, நீங்க முட்டாள் இல்லைன்னு ஊருக்கே தெரியும்."

"வார்த்தையை அளந்து பேசு பிராகோ!"

"துணியை அளந்துட்டேன். அடுத்தது வார்த்தைதான்."

அந்த நேரம் பார்த்து போவாடி உள்ளே வந்தான். நியார்கோவின் அண்ணன், குமாசியில் வக்கீல். கருப்புத் துணியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு போனோடு. கட்டிலைப் பார்த்தான், எல்லார் முகத்தையும் பார்த்தான், வந்த வழியே திரும்பப் பார்த்தான்.

"எங்க அண்ணே போறீங்க? உக்காருங்க. உங்க பட்டை எங்க?"

"எந்தப் பட்டை?"

"கோர்ட்டுல இப்படித்தான் கேப்பீங்களா? எந்தக் கொலை, எந்தக் கத்தின்னு?"

போவாடி பெருமூச்சு விட்டான். "திருடல பிராகோ. சித்திகிட்டக் கேட்டுத்தான் வாங்கினேன். நம்ம அடோமா சிகாகோவுல பட்டம் வாங்கினா இல்ல? அங்க நம்ம பிள்ளைங்க எல்லாம் கருப்பு அங்கி மேல கழுத்துல கென்டேத் துண்டு போட்டுக்குதுங்க. கடையில விக்கிறது அச்சுத் துணி. நம்ம வீட்டுல அசல் இருக்கும்போது..."

"நம்ம வீட்டுல!" பிராகோ எழுந்துவிட்டாள். "உங்க மக நம்ம வீடாண்ணே? நம்ம வழக்கத்துல பிள்ளை அம்மா குடும்பம்தானே, அப்பா குடும்பம் இல்ல. நாளைக்கு அவ செத்தா அவங்க ஆளுங்க எடுத்துப் புதைப்பாங்க, நாம விருந்தாளியாப் போய் நாற்காலியில உக்காருவோம். இது வக்கீலுக்குத் தெரியாதா? என் குடும்பத்துத் துணியை வெட்டி அடுத்த குடும்பத்துப் பொண்ணு கழுத்துல மாட்டியிருக்கீங்க!"

"என் பொண்ணு அவ!"

"பெத்துக்கோங்க, படிக்கவைங்க, காசு கட்டுங்க. எங்க துணியைக் கட்டாதீங்க!"

கதவோரத்தில் நியார்கோ விம்மினாள். "அக்கா, என் பையன் குடும்பத்துப் பிள்ளைதானே... குமாசி யுனிவர்சிட்டியில வாங்கினப்போ... ஒண்ணே ஒண்ணுதான்..."

"உனக்கும் ஒண்ணே ஒண்ணுதான். அண்ணனுக்கும் ஒண்ணே ஒண்ணுதான். கோழியைத் திங்கிறவன் எல்லாம் ஒரே ஒரு துண்டுதான் எடுத்தேன்னா கோழி எப்படிடி உயிரோட இருக்கும்? எங்க அது?"

"வீட்டுலதான் இருக்கு. ஆனா... பேரு தைச்சிருக்கு. வருஷமும் தைச்சிருக்கு. மஞ்சள் நூல்ல."

"மஞ்சள் நூல்ல!" பிராகோ மாமாவிடம் திரும்பினாள். "உங்களோடது? அந்த ஜோடி?"

மாமா தாடையைத் தேய்த்தார். குடும்பத் தலைவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "தேர்தல் நேரத்துல நம்ம எம்.பி. ஓட்டுக் கேட்டு வந்தாரு. நம்ம ரோட்டுக்குத் தார் போடுறேன்னாரு. சும்மா கையோட அனுப்ப முடியுமா? உங்க அம்மா படுக்கையில நினைவில்லாம கிடந்தா. சாவி என்கிட்ட. நாற்காலி முதுகுல விரிச்சுக்கச் சொல்லி..."

"அந்த ரோட்டுலதான் நாளைக்கு எங்க அம்மா வரப்போறா மாமா. குண்டுங்குழியுமா. செத்த பிறகும் அவளுக்கு இடுப்பு ஒடியணும்."

நியார்கோவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. அண்ணன் ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு, மாமா ஜோடி. மூணாவது முட்டாள் யாரு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் ஒன்றாகத் தரையைப் பார்த்தார்கள்.

"கூப்பிடுங்க அட்டகோராவை," என்றாள் பிராகோ. "இந்த ஊர்ல இந்தத் துணியைத் தொட்டுத் தைக்கிற கை அவன் கைதான்."

அட்டகோரா தறிக்காரன். பந்தலில் யாரோ கொடுத்த பீரைக் குடித்துக்கொண்டிருந்தவன் வாயைத் துடைத்தபடி வந்தான். கட்டிலைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே விட்டான்.

"நான் தைக்கிறவன் அக்கா. கேள்வி கேக்கிறவன் இல்ல."

"நாலு தடவை வந்து நாலு தடவை தைச்சிருக்க. ஒரு தடவைகூட உன் வாய் அரிக்கலையா?"

"ஒவ்வொருத்தரும் சத்தியம் வாங்கினாங்க. ஒவ்வொருத்தரும் தான் எடுத்தது வெளிய தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? கட்டம் இடிக்குதுன்னு சொல்லிப் பார்த்தேன். செத்த வீட்டுல யாரு கட்டம் பாக்கப் போறாங்கன்னாங்க."

"முதல்ல வெட்டினது யாரு?"

அட்டகோரா என்சியா மாமாவைப் பார்த்தான். மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இத்தனை நேரம் பட்ட அடிக்கெல்லாம் சேர்த்து வைத்தவர்போலச் சொன்னார்.

"உன் ஃபுஃபு கடையில கல்லாவுக்கு மேல ஒரு போட்டோ மாட்டியிருக்கியே. தினமும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறியே. அந்தப் போட்டோவுல உன் மகன் கழுத்துல தொங்குறது என்ன?"

பிராகோவின் மகன் சார்பொங், டொரோண்டோவில், கருப்பு அங்கியில், பல் தெரியச் சிரிப்பான். கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் துண்டு இறங்கும். சாப்பிட வருகிற லாரிக்காரர்களிடம் எல்லாம் அவள் அதைக் காட்டியிருக்கிறாள். 'எங்க அம்மா பான்வீரேயில புதுசா நெய்யச் சொல்லி அனுப்பினது' என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அவளிடம் அப்படித்தான் சொன்னாள்.

"பொய்," என்றாள்.

"பொய்யா? கேளு அவனை."

அட்டகோரா குனிந்த தலை நிமிராமல் சொன்னான். "நான் மாட்டேன்னுட்டேன் அக்கா. ராஜா குடுத்ததுல பிளேடு வைக்க என் கை வராதுன்னேன். அரசித்தாயே பிளேடை வாங்கித் தையலைப் பிரிச்சாங்க. 'இந்தத் துணிக்கு வாரிசு என் பேரன்தான். அவன் இனிமே இங்க வந்து எந்த ஆசனத்துலயும் உக்காரப் போறதில்ல. இதையாவது எடுத்துக்கட்டும்'னாங்க. தைச்சுக் குடுன்னாங்க. தைச்சேன்."

"அந்தப் போட்டோ வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் போவாடி மெதுவாக. "அதை வெச்சுத்தான் சித்திகிட்டக் கேட்டேன். ஒருத்தனுக்குக் குடுத்தவ அடுத்தவனுக்கு எப்படி இல்லைன்னு சொல்லுவா? ஒரு வார்த்தை பேசல. சாவியை எடுத்துக் கையில குடுத்தா."

 பிராகோவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. இதுவரை அவள் யார் மேல் கோபப்பட்டாளோ அவர்களெல்லாம் எதிரில் நின்றார்கள், திட்டினால் விழுந்தது. இப்போது கோபம் போய்ச் சேர வேண்டிய ஆள் குமாசியில் ஐஸ் பெட்டியில் கிடந்தாள்.

மாமா அந்த இடைவெளியில் புகுந்துகொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. இப்ப வேலையைப் பாப்போம். அட்டகோரா, பான்வீரேக்கு வண்டி அனுப்புறேன். இதே மாதிரி அஞ்சு பட்டை வாங்கிட்டு வா. நடுவுல வெச்சுத் தைச்சுடு."

"புதுசு பளிச்சுனு தெரியும் தலைவரே. மன்னர் குலத்து நெசவை யாரும் அப்படி எடுத்துக் குடுக்கவும் மாட்டாங்க."

"அப்போ ஓரத்துல வேற துணி போட்டு மறைங்க. யாராவது கேட்டா கரையான் அரிச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். கரையானை யாரு குமாசிக்கு இழுத்துட்டுப் போய் விசாரிக்கப் போறாங்க?"

"சட்டப்படி பார்த்தா அது நல்ல பதில்தான்," என்றான் போவாடி.

பிராகோ அட்டகோராவின் சட்டைப் பையில் கைவிட்டு பிளேடை எடுத்தாள். கட்டம் இடித்துக்கொண்டிருந்த முதல் இடத்தில் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். நூல் பட்பட்டென்று அறுந்தது.

"என்னடி பண்ற! இருக்கிறதையும் நாசமாக்குறியே!"

"எடுத்த இடம் எடுத்த இடமாவே இருக்கட்டும். திறந்து கிடக்கட்டும். நியார்கோ, உன் மஞ்சள் நூல் துண்டைக் கொண்டா. அது போன இடத்துல அப்படியே வெச்சுடலாம், வருஷத்தோட."

"அரண்மனை ஆளுங்க பாப்பாங்க!"

"பாக்கத்தானே வர்றாங்க."

"உங்க அம்மா பேரு போயிடும் பிராகோ!" மாமாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "எங்களை விடு. நான் கிழவன். அவ பேரு? இருபத்தாறு வருஷம் அரசித்தாயா இருந்தவ ராஜா துணியை வெட்டினான்னு ஊரு பேசுமே. பெத்த பொண்ணு நீயே அதை விரிச்சுக் காட்டுவியா?"

பிளேடு நின்றது. பிராகோ அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறைத்தால் அம்மா நாளைக்கு ஒரு நாள் முழுக்கப் பொய்யின் மேல் படுத்துக்கிடப்பாள். ஊரே வந்து அவள் நேர்மையைப் பாடும். காட்டினால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மகள். இரண்டில் எது செய்தாலும் அம்மாதான் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"அவ என்கிட்டப் புதுசுன்னு சொன்னா மாமா," என்றாள். "என் கண்ணைப் பார்த்துச் சொன்னா."

பிளேடு மறுபடி ஓடியது.

*

விடிந்ததும் அம்போமா வந்தாள். கிழவிகள் குளிப்பாட்டி, முற்றத்துப் பந்தலுக்குக் கொண்டுவந்திருந்த கட்டிலில் கிடத்தினார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் பொன்பொடி மின்ன, கையில் பொன் கட்டிய ஈ விரட்டியோடு, ராஜா கொடுத்த துணியின் மேல் கிடந்தாள். துணியில் நான்கு இடம் திறந்திருந்தது. மூன்றில் வெள்ளை மெத்தை தெரிந்தது. மாமாவின் ஜோடி போன இடம் இரட்டை அகலம். நான்காவதில் நியார்கோவின் துண்டு, மஞ்சள் எழுத்தோடு. வரிசையில் வந்த பெண்கள் கட்டிலருகே வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தாண்டிப் போனதும் இரட்டிப்பாகப் பேசினார்கள்.

அரண்மனை ஆட்கள் பெரிய குடையின் கீழ் வந்தார்கள். தலைப்பில் பொன் வைத்த கோலோடு முன்னால் வந்த பேச்சாளர் வயதானவர். மன்னர் வீட்டுப் பேச்சு அவர் வாய் வழியாகத்தான் வரும். கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கோலால் தரையை ஒரு தட்டு தட்டினார்.

"எங்க துணிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கச் சொல்றாங்க."

என்சியா மாமா எழுந்து நின்றார். "ஐயா, கரையான்..."

"கரையானா?" கிழவர் மறுபடி குனிந்து பார்த்தார். "ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டுத் திங்கிற கரையானை நான் பார்த்ததில்ல. இந்த மஞ்சள் எழுத்தையும் அதுதான் எழுதிச்சா? படிச்ச கரையானா இருக்கும்போல."

பந்தல் முழுக்கச் சிரிப்பு பரவி, செத்த வீடு என்று ஞாபகம் வந்ததும் அடங்கியது. பிராகோ பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். சிவப்பும் கருப்பும் உடுத்தியிருந்தாள். கிழவருக்கு எதிரில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றாள். அப்படி நின்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். 

"வெட்டினது நாங்கதான் ஐயா. முதல்ல வெட்டினவ அந்தக் கட்டில்ல படுத்திருக்கா. வாங்கிக்கிட்டவன் என் மகன். அவ பங்குக்கு நான் நிக்கிறேன். அபராத ஆட்டை என் பேர்ல எழுதிக்கோங்க, மதுவையும்தான்."

பெண்கள் பக்கம் யாரோ "ஐயோ, பெத்தவளையா..." என்றார்கள்.

"மத்தவங்க?" என்றார் கிழவர்.

"மத்தவங்களுக்குக் கால் இருக்கு. செருப்பும் இருக்கு."

 நியார்கோ ஓடிவந்து செருப்பை உதறினாள். போவாடி இரண்டு போனையும் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான். பளபளக்கும் தோல் செருப்பிலிருந்து அவன் கால் வெளியே வந்தபோது வெளிறி, மண்ணே கண்டறியாததாக இருந்தது. கடைசியாக என்சியா மாமா வந்தார். தோள் துணியை இடுப்புக்கு இறக்கினார். குடும்பத் தலைவரின் நரைத்த வெற்று மார்பை ஊர் பார்த்தது. பிராகோவின் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் சொன்னார்: "நாளைக்கே உன்னைக் குடும்பத்தை விட்டுத் தள்ளி வைக்கிறேன் பாரு."

"ரோடு போட்டுட்டுத் தள்ளி வைங்க," என்றாள் அவள்.

எந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு, கிழவர் பின்னால் திரும்பி அரண்மனைப் பெரியவர்களிடம் குனிந்து பேசிவிட்டு வந்தார். ஆளுக்கு ஒரு ஆடு. மாமாவுக்கு இரண்டு. சிகாகோவில் இருப்பதும் டொரோண்டோவில் இருப்பதும் நாற்காலி முதுகில் இருப்பதும் வந்து சேர வேண்டும். சேரும் வரை துணி அரண்மனையில் இருக்கும். "இன்னைக்கு அவ படுத்துக்கட்டும்," என்றார். "உண்மையைச் சொல்லிட்டுப் படுக்கவெச்சிருக்கீங்க. பிணத்துக்கு அடியில இருந்து இழுக்கிற ஜாதி இல்ல நாங்க."

மேளம் எழுந்தது. இனி மூத்த மகள் கட்டிலருகே போய் முதல் ஒப்பாரியைத் தொடங்க வேண்டும். செத்தவளின் பட்டப் பெயர்களைச் சொல்லி, அவள் குலத்தைச் சொல்லி, கை விரித்து அழைக்க வேண்டும். பிராகோ போனாள். அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். பொன்பொடிக்கு அடியில் அந்த முகம் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

"அம்போமா! கிழங்குக் கொட்டகைக்காரியின் பேத்தியே! பெரிய குடைக்குக் கீழே நடந்தவளே! ஏம்மா வெட்டின?"

பின்னால் பெண்கள் "ஏம்மா வெட்டின" என்று இழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"என்கிட்டக் கேட்டிருந்தா நானே அவனை அங்கேயிருந்து இழுத்துட்டு வந்திருப்பேனே! என்கிட்ட ஏம்மா புதுசுன்னு சொன்ன?"

"ஏம்மா புதுசுன்னு சொன்ன..."

"சாவியைக் குடுக்கும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம்டான்னு சொல்ல உன் வாய்க்கு என்னம்மா வந்துச்சு?"

"என்னம்மா வந்துச்சு..."

பிராகோ சட்டென்று திரும்பினாள். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது; முகம் அழுகிற முகமாக இல்லை.

"பாடாதீங்கடி! நான் ஒண்ணும் பாடல. அவளைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

 மேளக்காரன் கை அந்தரத்தில் நின்றது. அவள் மறுபடி கட்டில் பக்கம் குனிந்து, அம்மாவின் குளிர்ந்த தோளைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினாள்.